மர்ச்சண்ட் நேவியா, ராணுவமா? டர்பன் வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

டர்பன் துறைமுகத்தின் பேஹெட்டில் ஃபிட்டராகத் தொடங்கி, கப்பலில் எஞ்சின் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டேன். என் அக்கா மகன் தென்னாப்பிரிக்கக் கடற்படையில் இருக்கிறான். இந்த இரண்டும் தெரிந்ததால், சாட்ஸ்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் யாராவது ஒரு தாயோ தகப்பனோ என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். வாயால் சொல்வதில் பாதி மறந்துபோகிறது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

"மர்ச்சண்ட் நேவின்னாலும் நேவிதானே அண்ணா? துப்பாக்கி பிடிக்கணுமா?"

வேண்டாம். அது சரக்குக் கப்பல் வேலை. பிளஃப் மேட்டில் நின்று பார்த்தால் வரிசையாக நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்களில் வேலை செய்பவர்கள் எல்லாரும் சாதாரணக் குடிமக்கள்தான். கன்டெய்னர், கார், எண்ணெய், மேய்டன் வார்ஃப் சர்க்கரை என்று எதையோ ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறார்கள். சம்பளம் கொடுப்பது தனியார் கம்பெனி.

குழப்பம் பெயரில்தான் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஏராளமான வணிகக் கப்பல்காரர்கள் செத்துப்போனார்கள். அதை மதித்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்த பெயர் 'மர்ச்சண்ட் நேவி'. தோளில் பட்டை இருக்கும், 'கேப்டன்' என்றும் கூப்பிடுவார்கள். ஆனால் கடற்படையில் கேப்டன் என்பது ஒரு ராணுவப் பதவி, எங்கே மாற்றினாலும் கூடவே போகும். சரக்குக் கப்பலில் அந்தக் கப்பலை அந்தப் பயணத்தில் நடத்துகிறவருக்கு அந்தப் பெயர்.

"இங்கே எங்கே போய்ப் படிக்கிறது? ரெண்டு பக்கமும் சொல்லுங்க."

வணிகக் கப்பலுக்கு நம் ஊரிலேயே டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, டியூடி என்கிறோமே அதுதான். கேப் டவுனில் கேப் பெனின்சுலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கிரேஞ்சர் பே வளாகம். வகுப்பு இவற்றில் நடக்கும். சான்றிதழ் கொடுப்பது சம்சா என்ற தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம். டிப்ளமா ஒரு கையில், கப்பல் அதிகாரிச் சான்றிதழ் இன்னொரு கையில். இரண்டும் வேறு வேறு.

கடற்படை என்றால் அடிப்படைப் பயிற்சி சல்டானாவில், அதிகாரிப் பயிற்சி கோர்டன்ஸ் பேயில் உள்ள கடற்படைக் கல்லூரியில். பட்டம் வேண்டுமென்றால் சல்டானாவிலேயே ராணுவ அகாடமி உண்டு, அது ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் ராணுவ அறிவியல் புலம். 1950-ல் தொடங்கியது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1922-ல் சைமன்ஸ் டவுனில் 'ஜெனரல் போத்தா' என்று ஒரு பழைய போர்க்கப்பலை நிறுத்திப் பையன்களுக்குக் கப்பல் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பள்ளி பிறகு கரைக்கு வந்தது, 1948-ல் கோர்டன்ஸ் பேக்குப் போனது, 1966-ல் கிரேஞ்சர் பேக்கு மாறியது. வணிகக் கப்பல் கேடட்டுகள் இருந்த கோர்டன்ஸ் பேயில்தான் இன்று கடற்படை அதிகாரிகள் பயிற்சி எடுக்கிறார்கள். இரண்டு தொழிலும் அவ்வளவு பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தவை.

"அமெரிக்காவில கிங்ஸ் பாயிண்ட்னு ஒண்ணு இருக்காமே? மச்சான் நியூஜெர்சியில் இருந்து சொல்றார், அது மிலிட்டரி அகாடமி மாதிரியே இருக்குமாம்."

மச்சான் சொல்வது சரி. ஆனால் அதை வைத்து நம் ஊரை அளக்கக் கூடாது.

அமெரிக்காவில் மத்திய அரசு நடத்தும் பயிற்சி அகாடமிகள் ஐந்து. தரைப்படைக்கு வெஸ்ட் பாயிண்ட் (1802), கடற்படைக்கு அனாபொலிஸ் (1845), விமானப் படைக்கு ஒன்று (1954), கடலோரக் காவல் படைக்கு ஒன்று, ஐந்தாவது, வணிகக் கப்பலுக்கு, நியூயார்க் லாங் ஐலண்டில் உள்ள கிங்ஸ் பாயிண்ட் (1943). முதல் மூன்றும் பாதுகாப்புத் துறையின் கீழ் வருகின்றன. கிங்ஸ் பாயிண்ட் போக்குவரத்துத் துறையின் கீழ் வருகிறது. சீருடை, அணிவகுப்பு, காலை எழுப்பும் ஊதல் எல்லாம் அங்கேயும் உண்டு. படிப்புக் கட்டணம் கிடையாது. சேர்வதற்குக் காங்கிரஸ் உறுப்பினரின் பரிந்துரை வேண்டும். நம் பிள்ளைகள் இங்கிருந்து நேராகப் போய்ச் சேரும் இடம் அது இல்லை.

படித்து முடித்ததும் என்ன கிடைக்கிறது, அதற்குப் பதில் என்ன கேட்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். வெஸ்ட் பாயிண்ட், அனாபொலிஸ் முடித்தவர்கள் குறைந்தது ஐந்து வருடம் படையில் முழுநேரச் சேவை செய்ய வேண்டும். கிங்ஸ் பாயிண்ட் முடிப்பவருக்கு மூன்று கிடைக்கும்: ஒரு பட்டம், கப்பல் அதிகாரி லைசென்ஸ், தேவைப்பட்டால் மட்டும் கூப்பிடும் ரிசர்வ் படையில் அதிகாரி பதவி. அவர் ஐந்து வருடம் கப்பல் துறையில் வேலை செய்ய வேண்டும், எட்டு வருடம் ரிசர்வில் இருக்க வேண்டும். விரும்பினால் எந்தப் படையிலும் முழுநேரமாகச் சேரலாம். படிக்கும் நான்கு வருடத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் உண்மையான சரக்குக் கப்பல்களில் கழிகிறது. அனாபொலிஸ் மாணவருக்கு இது இல்லை.

இரண்டாம் உலகப் போரில் அப்படிப் பயிற்சிக்காகக் கப்பலில் போன மாணவர்கள் 142 பேர் இறந்தார்கள். எல்லாம் இளவயதுப் பையன்கள். அதனால் அந்த ஐந்தில், போரில் உயிர் கொடுத்ததற்கு அடையாளமான போர்க்கொடியை ஏந்தும் உரிமை கிங்ஸ் பாயிண்டுக்கு மட்டும்தான். ராணுவம் இல்லாத அகாடமிக்கு அந்தக் கொடி இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

"படிக்கும்போதே சம்பளம் வருமா, நாமதான் கட்டணுமா?"

ராணுவப் பக்கம் சம்பளம் வரும். இங்கே கட்டாய ராணுவச் சேவை இப்போது கிடையாது. இனவெறி ஆட்சியில் வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும் இருந்தது, 1994-ஓடு அந்தக் கதை முடிந்தது. இப்போது பள்ளி முடித்தவர்கள் எம்எஸ்டிஎஸ் என்ற இரண்டு வருடத் தன்னார்வத் திட்டத்தில் சேருகிறார்கள். வயது 18 முதல் 22 வரை, பட்டம் முடித்தவருக்கு 26 வரை. சேர்ந்த நாளிலிருந்து சம்பளம், தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம் எல்லாம் உண்டு. சல்டானா அகாடமியில் படிப்பவரும் படையின் ஆள்தான்.

டியூடியில் நீங்கள்தான் கட்ட வேண்டும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் நஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். கப்பல் கம்பெனிகளின் உதவித்தொகையும் உண்டு, இடம் குறைவு. அதை யார் வாங்கினாரோ அவருக்கு அடுத்த கேள்வியில் சொல்லும் கஷ்டம் பாதி தீர்ந்த மாதிரி.

"படிச்சு முடிச்சா வேலை நிச்சயமா?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ராணுவம் முதலில் உங்களை எடுத்துக்கொள்கிறது, பிறகு பயிற்சி தருகிறது. மர்ச்சண்ட் நேவியில் முதலில் படிக்கிறீர்கள், பிறகு உங்களை எடுத்துக்கொள்ள ஒரு கப்பலைத் தேடுகிறீர்கள். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதற்குப் பெயர் சீ டைம், அதாவது சான்றிதழுக்காகக் கடலில் கழிக்க வேண்டிய காலம். எஸ்டிசிடபிள்யூ என்ற 1978 உலக ஒப்பந்தத்தின்படி, அங்கீகரித்த பயிற்சித் திட்டத்தில் டெக் பக்கம், அதாவது கப்பலைச் செலுத்தும் பக்கம், வருகிறவர் குறைந்தது 12 மாதம் கடலில் இருக்க வேண்டும். அதில் ஆறு மாதமாவது பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், வாட்ச் என்ற முறைப்பணி பார்த்திருக்க வேண்டும். எஞ்சின் பக்கத்துக்கு ஒர்க்ஷாப்பும் கடலும் சேர்ந்து 12 மாதம், அதில் கடலில் ஆறு மாதமாவது. அது முடியாமல் தேர்வு எழுத முடியாது. தேர்வு இல்லாமல் அதிகாரிச் சான்றிதழ் இல்லை. கையில் இருக்கும் டிப்ளமாவை வைத்து எந்தக் கப்பலிலும் வாட்ச் நிற்க விடமாட்டார்கள்.

சரி, இங்கே கப்பலுக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். துறைமுகம் நிறையக் கப்பல் இருக்கிறது, நம் நாட்டுக் கொடி பறக்கும் கப்பல்தான் அரிது. 1946-ல் தொடங்கிய சஃப்மரீன் 1999-ல் டென்மார்க்கின் மர்ஸ்க் கைக்குப் போய்விட்டது. வெளிநாட்டுக் கம்பெனி தன் ஆட்களைத்தான் முதலில் பார்க்கும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் அண்டார்க்டிகா போய்வந்துகொண்டிருந்த 'எஸ்ஏ அகல்ஹாஸ்' கப்பலை ஓய்வுக்குப் பிறகு கேடட் பயிற்சிக்காக சம்சாவிடம் கொடுத்தார்கள். உதவிதான், ஆனாலும் ஒரு கப்பல் எத்தனை பேரைத் தாங்கும்?

டர்பன் ஃபீனிக்ஸ் பகுதிப் பையன் ஒருவன் வகுப்பில் முதல் வரிசை. படிப்பு முடித்து பதினான்கு மாதம் கப்பல் கிடைக்காமல் சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். கேடட்டுகள் ஒவ்வொரு வேலையும் செய்து கையெழுத்து வாங்கும் பயிற்சிப் பதிவேடு ஒன்று உண்டு. அவன் அதைப் புது பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்து என்னிடம் காட்டினான். ஒரு பக்கம்கூட அழுக்காகவில்லை. என்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எண்ணெய்க் கறை, பியூரிஃபையரைப் பிரித்து மாட்டிய பக்கத்தில் கிழிசல், செகண்ட் இன்ஜினியரின் கோணல் கையெழுத்து. அவன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான். இப்போது கப்பலில் இருக்கிறான், நல்லபடியாக இருக்கிறான். ஆனால் அந்தப் பதினான்கு மாதத்தைப் பற்றி யாரும் அவன் வீட்டுக்கு முன்னாலேயே சொல்லவில்லை. அதனால், கல்லூரியில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி: "போன இரண்டு வருட மாணவர்களில் எத்தனை பேருக்குக் கப்பல் கிடைத்தது, எந்தக் கம்பெனியில்?" எண்ணிக்கை சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

"ஒரு ஏஜென்ட் 40,000 ராண்ட் கொடுத்தா உடனே கப்பல் ஏத்திவிடறேன்னு சொல்றார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2006-ஐத் தென்னாப்பிரிக்கா 2013-ல் ஏற்றுக்கொண்டது. வேலை வாங்கித் தருவதற்குக் கப்பல் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. மருத்துவச் சான்று, கப்பல் வேலையைப் பதியும் சீமேன் புத்தகம், பாஸ்போர்ட் செலவு மட்டும்தான் நம் பொறுப்பு. ஒரு குடும்பம் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு இன்னும் அலைகிறது. சந்தேகம் இருந்தால் அந்த ஏஜென்சிக்கு அனுமதி உண்டா என்று சம்சாவிடம் கேளுங்கள்.

"ஒழுங்கு எங்கே அதிகம்? இவன் காலையில எழுந்திருக்கவே மாட்டேங்கிறான்."

ராணுவத்தில் எழுப்பிவிடுவார்கள். அக்கா மகன் சல்டானாவிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது, தூங்கி எழுந்து படுக்கை விரிப்பின் மூலையை மடித்த விதத்தைப் பார்த்து அக்கா கண் கலங்கினாள். இழுத்துக் கட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல், ஸ்கேல் வைத்தது போல. பதினெட்டு வருடம் அவள் கத்தியும் நடக்காத காரியம்.

கப்பலில் படுக்கையை யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். ராத்திரி பன்னிரண்டு மணி வாட்ச் என்றால் பதினொன்றே முக்காலுக்கு நீ கீழே நிற்க வேண்டும், ஏனென்றால் நீ போனால்தான் இன்னொருவன் தூங்கப் போவான். நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும் எஞ்சின் ரூமில், காதில் மஃப் மாட்டிக்கொண்டு, ஜெனரேட்டர் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் கண்டுபிடிக்க வேண்டும். கட்டளையிட ஆள் இல்லாத நேரம்தான் அதிகம். சொன்னால் செய்கிற பிள்ளை ராணுவத்தில் நன்றாக வருவான். சொல்லாமலே செய்யக் கூடியவன்தான் கப்பலுக்கு. இது என் அபிப்பிராயம், இருபது வருடமாகக் கேடட்டுகளைப் பார்த்து வந்தது.

"கண்ணாடி போட்டிருக்கான். எடுப்பாங்களா?"

கண்ணாடி பெரிய தடை இல்லை, அளவைப் பொறுத்தது. நிறக்குருடுதான் பிரச்சினை. இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் பிரித்துத் தெரியாவிட்டால் டெக் பக்கம் வழியே இல்லை. கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். பாடத்தில் கணிதமும் பௌதிகமும் வேண்டும். பத்தாம் வகுப்பில் சுலபம் என்று கணிதத்தை விட்டு மேத்ஸ் லிட்ரசி என்ற அன்றாடக் கணக்குப் பாடத்துக்கு மாறிய பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு வருத்தம்.

"பொம்பளப் பிள்ளை போகலாமா? பாதுகாப்பு எப்படி?"

போகலாம், போகிறார்கள். கிங்ஸ் பாயிண்ட் 1974-லேயே பெண்களைச் சேர்த்தது, அந்த ஐந்து அகாடமிகளில் அதுதான் முதல். நம் கடற்படையில் சிமாசா மபேலா 2015-ல் ஒரு போர்க்கப்பலின் கமாண்டர் ஆனார், அந்த இடத்துக்கு வந்த முதல் ஆப்பிரிக்கப் பெண்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பக் கூடாது. கிங்ஸ் பாயிண்டில் மாணவர்களைக் கப்பலுக்கு அனுப்புவதைப் பாலியல் தொல்லைப் புகார்களால் 2016-ல் ஒருமுறையும், ஒரு மாணவி தனக்கு நடந்ததை வெளியே எழுதிய பிறகு 2021-ல் இன்னொரு முறையும் நிறுத்தி வைத்தார்கள். ராணுவ அகாடமிகளிலும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. அங்கே அதே கட்டடத்தில் தோழிகள் இருப்பார்கள், கதவைத் திறந்து வெளியே போகலாம். கப்பலில் இருபது பேருக்கு நடுவில் ஒரே பெண்ணாக, கரைக்குப் பத்து நாள் தூரத்தில் இருக்க நேரலாம். ஆகவே கம்பெனியிடம் நேராகக் கேளுங்கள்: பெண் கேடட்டை இரண்டு பேராக அனுப்புவீர்களா? உள்ளே பூட்டும் அறை உண்டா? கப்பலுக்கு வெளியே புகார் சொல்ல யார்? ஒழுங்கான கம்பெனி இதற்குக் கோபப்படாது.

"சண்டை வந்தா சரக்குக் கப்பல்காரனுக்கு ஒண்ணும் இல்லைதானே?"

முதல் பதிலில் துப்பாக்கி வேண்டாம் என்றேன். துப்பாக்கி நம்மைத் தேடி வராது என்று சொல்லவில்லை. 2023 நவம்பரில் யேமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' கப்பலைப் பிடித்தார்கள். 2024 மார்ச்சில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' மீது விழுந்த ஏவுகணையில் மூன்று பேர் இறந்தார்கள். சம்பளத்துக்குப் போனவர்கள். இந்தத் தாக்குதல்களால்தான் 2023 டிசம்பரிலிருந்து ஏராளமான கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நம் பக்கமாக வரத் தொடங்கின.

போரில் பிடிபட்டால் வணிகக் கப்பல்காரரையும் போர்க் கைதியாக நடத்த வேண்டும் என்று மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. சட்டத்தில் இடம் உண்டு, மரியாதைதான் தாமதமாக வரும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க வணிகக் கப்பல்காரர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி 1988-ல்தான் கிடைத்தது. நாம் பிப்ரவரி 21-ஐ ஆயுதப் படைகள் நாளாகக் கொண்டாடுகிறோமே, அது 1917-ல் தென்னாப்பிரிக்கப் படையாட்களை ஏற்றிச் சென்ற 'மெண்டி' கப்பல் மூழ்கி அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்த நாள். அந்த மெண்டியும் வாடகைக்கு எடுத்த பயணிகள் கப்பல்தான்.

"ஒண்ணில சேர்ந்துட்டு இன்னொண்ணுக்கு மாறலாமா?"

மாறலாம், சுலபமில்லை. கடற்படையில் கழித்த கடல் நாட்களைச் சம்சா மதிப்பிட்டு, எதைக் கணக்கில் எடுப்பது, எந்தத் தேர்வு எழுதுவது என்று சொல்லும். போர்க்கப்பலில் சரக்கு ஏற்றும் வேலை கிடையாது. டேங்கர், கன்டெய்னர் பாடங்களைப் புதிதாகப் படிக்க வேண்டும். எஞ்சின் ஆட்களுக்கு இது கொஞ்சம் லேசு, டீசல் எஞ்சினுக்குச் சீருடை தெரியாது. மறுபக்கம், கப்பல் அதிகாரி ஒருவர் கடற்படையின் ரிசர்வில் சேர முயலலாம். கிங்ஸ் பாயிண்டில் எல்லாருக்கும் தானாக வரும் அந்த ரிசர்வ் பதவி இங்கே தானாக வராது.

"எங்க மாமா காலத்துல நம்மாளுங்களுக்கு இடமே கொடுக்கலையே. இப்ப மட்டும் எடுப்பாங்களா?"

மாமாவின் கோபம் நியாயமானது. மேலே சொன்ன ஜெனரல் போத்தா பல பத்தாண்டுகள் வெள்ளைப் பையன்களுக்கு மட்டும்தான். 1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' கப்பலில் மதராஸிலிருந்து 342 பேர் வந்து இறங்கிய துறைமுகம் இது. அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கலாம், கப்பல் ஓட்டக் கற்கக் கூடாது என்று இருந்தது.

கடற்படையில் 1970-களின் நடுவில் இந்தியர்களுக்கென்று தனியாக 'எஸ்ஏஎஸ் ஜல்சேனா' என்ற பயிற்சி நிலையத்தை டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் திறந்தார்கள். பெரியவர்களுக்கு அந்தத் தீவு இன்னொரு விதத்திலும் ஞாபகம் இருக்கும். 1961-ல் இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரியை அங்கேதான் வைத்தார்கள், பிறகுதான் வெஸ்ட்வில் போனது. இன்று எந்தக் கதவிலும் அப்படிப் பலகை கிடையாது. இப்போதைய தடை சீ டைம் பள்ளம்தான், அது எல்லா நிறத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்.

"சென்னையில போய்ப் படிச்சா சுலபமாமே?"

சென்னையில் 2008-ல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது, கானாத்தூரில் அமெட் இருக்கிறது. படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் அங்கேயும் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் அதே கப்பலுக்கு வரிசையில் நிற்கிறார்கள், அவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது. போவதற்கு முன் சம்சாவிடம் எழுத்தில் கேளுங்கள்: அங்கே படித்துவிட்டு இங்கே எந்தத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும்?

"கப்பல்காரனுக்கு வரியே கிடையாதாமே?"

பாதி உண்மை. சர்வதேசப் போக்குவரத்துக் கப்பலில் வேலை செய்து, வரி ஆண்டில் மொத்தம் 183 முழு நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அந்தச் சம்பளத்துக்கு விலக்கு உண்டு. நாள் கணக்கைக் காட்ட சீமேன் புத்தகத்தில் சைன் ஆன், சைன் ஆஃப் (கப்பல் ஏறிய, இறங்கிய) முத்திரைகள் சரியாக இருக்க வேண்டும். 180 நாளில் இறங்கிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். கடற்படைச் சம்பளத்துக்கு இந்த விலக்கு கிடையாது. பதிலுக்கு ஓய்வூதியம் உண்டு. மர்ச்சண்ட் நேவியில் காண்டிராக்ட் முடிந்தால் அடுத்த காண்டிராக்ட் வரை பல கம்பெனிகளில் சம்பளம் நின்றுவிடும்.

"காவடிக்கு வருவானா? வீட்ல ஏதாவது ஒண்ணு ஆனா வந்து சேருவானா?"

இதைக் கேட்பது எப்போதும் அம்மாக்கள்தான், கடைசியில், குரலைத் தாழ்த்தி.

கடற்படையில் தளத்தில் இருந்தால் விடுப்புக் கேட்கலாம், பல முறை கிடைக்கும். சரக்குக் கப்பலில் அதிகாரிகளுக்கு நான்கு முதல் ஆறு மாதக் காண்டிராக்ட், கேடட்டுகளுக்கு இன்னும் நீளம். சட்டப்படி பன்னிரண்டு மாதத்துக்குள் இறக்கிவிட வேண்டும். கிளேர்வுட் கோயிலில் காவடி எடுக்க வேண்டிக்கொண்டு நான் தவறவிட்ட தைப்பூசம் பதினொன்று. சைவச் சாப்பாடு பிரச்சினை இல்லை. மத வழக்கத்தைப் பார்த்துத்தான் சாப்பாடு போட வேண்டும் என்று அந்த 2006 ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

என் அப்பா இறந்தபோது கப்பல் பிரேசிலின் சாண்டோஸுக்கு ஆறு நாள் தூரத்தில் இருந்தது. கேப்டன் என்னை மேலே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சேட்டிலைட் போனைக் கையில் கொடுத்தார். கரை சேர்ந்து, விமானம் பிடித்து, வீட்டுக்கு வந்தது ஒன்பதாவது நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு இருந்தேன். கொள்ளி போட்டது தம்பி.

பிள்ளை கப்பல் ஏறும் அன்று மூன்றை எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: கப்பலின் பெயர், அதன் ஐஎம்ஓ எண் (கப்பலுக்கு உரிய அடையாள எண்), கம்பெனியின் 24 மணி நேர அவசர எண். ஏஜென்ட்டின் செல்பேசி எண் போதாது. எனக்கு அந்தச் செய்தி ஆறு மணி நேரத்தில் வந்து சேர்ந்ததற்குக் காரணம், அம்மா அந்த எண்ணை சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள்.